தோற்றவர்கள் தூக்கிச் சென்ற மெட்

போன கிழமை, புதிதாக விளையாட்டு உத்தியோகத்தராக வந்திருக்கிற உங்களில் ஒருவர் ஒரு படிவத்தைப் படம்பிடித்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். விளையாட்டுக் கழகங்களின் பொருட்பதிவேடு அது. பொருள், தொகை, நிலைமை, உரிமையாளர் என்று நான்கு நிரல்கள். முதல் மூன்றையும் அழகான கையெழுத்தில் நிரப்பிவிட்டு, நான்காவதுக்குக் கீழே கேட்டிருந்தார்: "மிஸ், இதில என்ன எழுதுற?"

யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. நான் வேலைக்கு வந்த காலத்தில் அப்படியொரு கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அதே நான்காவது நிரலை நான் ஒரு தடவை கேட்காமல் கொள்ளாமல் நிரப்பி, ஒரு ஊருடைய மைதானமே கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். சுற்றறிக்கை மாதிரி ஒழுங்காக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கல்முனையில் பிறந்து வளர்ந்த மெதடிஸ்தக்காரி. பள்ளிக்கூடக் காலத்தில் ஈட்டி எறிந்தேன். பிறகு விளையாட்டு உத்தியோகத்தராகி, இந்தக் கரையோரத்துப் பிரதேச செயலகங்களில் ஒன்று மாறி ஒன்றாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆம்பிளைகள் கிரிக்கெட் விளையாடும் இடத்திற்குக் குடையும் பைலுமாக ஒரு பொம்பிளை போய் நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இரண்டாம் வருடம் சிரிக்கவில்லை.

புதிதில் எனக்குப் பெரிய புதினமாக இருந்தது, இந்தக் கழகங்கள் எதைக்கொண்டு உயிர்வாழ்கின்றன என்பதுதான். யாப்பு என்கிற விதிக்கோவையில் மாதச் சந்தா என்று போட்டிருக்கும். சந்தா கட்டிய ஒரு மனிதனை நான் கண்ணால் கண்டதில்லை. ஒரு கழகத்திடம் அறுபது பிளாஸ்டிக் கதிரை இருந்தது. கலியாண வீட்டுக்கு வாடகை, சாவு விழுந்த மையத்து வீட்டுக்குச் சும்மா. இன்னொரு கழகம் அறுவடை நேரம் வயலில் இறங்கும். வெட்டுகிற மெஷின் திரும்ப முடியாத மூலைகளிலும் வரம்போரத்திலும் நிற்கிற நெற்கதிர்களைப் பொடியன்கள் கையால் அரிவார்கள். அந்த நெல் கழகத்துக்கு. வயல் சொந்தக்காரப் போடியார்மார் மெஷின்காரனிடம் மூலையைக் கொஞ்சம் பெரிதாகவே விடச்சொல்வார்கள் என்பது எனக்குக் கன காலத்திற்குப் பிறகுதான் தெரிந்தது. ஜேர்சி கட்டாரிலிருந்து வரும். அனுப்பினவருடைய பெயர் பதினொரு பேருடைய முதுகிலும் இருக்கும். இவை ஒன்றும் எந்தப் படிவத்திலும் இல்லை.

இப்போது கதைக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. வடக்கே இருப்பது தமிழ் ஊர், கடற்றொழில் செய்கிறவர்கள். தெற்கே இருப்பது முஸ்லிம் ஊர், கடைகளும் கைத்தறியும். நடுவில் ஒரு லாரி போகக்கூடிய ஒழுங்கைதான் எல்லை. கழகங்களின் பெயரைச் சொன்னால் இன்றைக்கே இரண்டு பக்கத்திலிருந்தும் ஃபோன் வரும், ஆகையால் வடக்குக் கழகம், தெற்குக் கழகம் என்றே சொல்கிறேன்.

அந்தப் பிரிவுக்கு மாற்றலாகிப் போனதும் முதல் வேலையாகப் பொருட்களைச் சரிபார்க்கக் கிளம்பினேன். தெற்குக் கழகத்தின் பதிவேட்டில் 'கிரிக்கெட் மெட் - 1' என்றிருந்தது. மெட் என்றால் தென்னந்தும்பில் நெய்த நீளப் பாய். ஆடுகளத்தின் மேல் விரித்து ஓரங்களில் ஆணியடித்தால்தான் கடினபந்து ஒழுங்காக எழும். கழகத் தலைவர் ஹார்ட்வெயார் கடைக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஊரே அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். மெட் எங்கே என்று கேட்டேன். ஆணிப் பெட்டியை நிறுத்துக்கொண்டே, அது வடக்கால இருக்கிறது என்றார்.

வடக்கே போனேன். அந்தக் கழகத்தின் செயலாளர் படகு வைத்திருப்பவர், நாற்பது வயது, வார்த்தைக்கு வார்த்தை யோசிக்கிற மனிதர். படகு இயந்திரம் வைக்கிற கொட்டிலில் பலகைக்கு மேலே சுருட்டி, மழைத்தாள் போட்டு மூடி, மெட் படுத்திருந்தது. அவர்களுடைய பதிவேட்டிலும் 'மெட் - 1' என்றே இருந்தது. ஆக, கடதாசியில் இரண்டு, நிலத்தில் ஒன்று. எனக்கு வந்ததே கோபம். யாருடைய சாமானை யார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க தோத்துட்டம் மிஸ். அதால எங்கட்ட இருக்கு."

விளங்கவில்லை. அவரைக் கதிரையில் இருத்தி, நானும் இருந்து, விசாரித்தேன். சுனாமியில் கடல் வந்து போன பிறகு உதவி செய்ய வந்தவர்கள் இரண்டு ஊருக்குமாக ஒரு மெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஆட்டத்தில் தோற்ற பக்கம்தான் மெட்டைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு தங்கள் ஊருக்குப் போகவேண்டும். வெயிலில் காயப்போட்டு, எலி அரிக்காமல் பார்த்து, பிய்ந்ததைத் தைத்து வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு வென்றவர்கள் வந்து கேட்பார்கள். நாள் குறிப்பது மெட் வைத்திருப்பவர்கள். ஆட்டமும் மெட் இருக்கிற ஊரில்தான்.

தோற்றவனுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். நெடுக அப்படித்தான் என்றார். அதற்கு மேல் நான் கேட்டிருக்க வேண்டும். மெட்டின் ஒரு ஓரம் வலைநூலால் தைக்கப்பட்டிருந்ததையும், மற்ற ஓரம் தறிக்காரர் கைபோல வண்ண நூலால் மடித்து அடிக்கப்பட்டிருந்ததையும் கண்டேன். அதைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, பிள்ளைகளே. கந்தோருக்குப் போய், ஒரு பொருள் இரண்டு பதிவேட்டில் இருப்பது கணக்காய்வில் மாட்டும் என்று குறிப்பு எழுதினேன். எனக்கு அப்போது அதுதான் பெரிய ஆபத்து.

அந்த வருட ஒதுக்கீட்டில் விளையாட்டுச் சாமான் வந்தது. நான் ஓடியாடி, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, கழகத்துக்கு ஒன்றாக இரண்டு புது மெட் எடுத்துக் கொடுத்தேன். ரிபன் கட்டி, படம் எடுத்து, எல்லாம் செய்தோம். உரிமையாளர் நிரலில் இரண்டு கழகத்தின் பெயரையும் தனித்தனியாக எழுதினேன். பழைய மெட்டுக்கு நேரே 'அழிக்கப்பட்டது' என்று எழுதி, வடக்குச் செயலாளரிடம் அதை எரித்துவிடச் சொன்னேன். அவர் புது மெட்டைப் பார்த்துக்கொண்டே நின்று, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு மெட் எண்டா, மறுகா ஆரு ஆரிட்டப் போற மிஸ்?"

ஏற்றி இறக்குகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்படாமல் இது என்ன கதை என்று நினைத்தேன். இனி ஒருவரும் ஒருவரிடமும் அலையத் தேவையில்லை என்று பெருமையாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

புது மெட்டில் அன்றைக்கே வடக்கு மைதானத்தில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட். தெற்குப் பொடியன் கோட்டைத் தொட்டுவிட்டான் என்று அவர்கள், தொடவில்லை என்று இவர்கள். நடுவர் கையை உயர்த்த, தெற்குக்காரர் ஆட்டத்தை அரைவாசியில் விட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்கள். இப்படிச் சண்டை இந்த இரண்டு ஊருக்கும் புதிதில்லை. இரண்டு கிழமையில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் ஒரு மாதமாகி, ஒரு பருவமாகி, ஒரு வருடமும் போய்விட்டது. அவரவர் மெட்டில் அவரவர் பயிற்சி எடுத்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது. தங்களுக்குள்ளேயே எத்தனை நாளைக்கு விளையாடுவது?

அப்போதுதான் வடக்கு மைதானத்திற்கு ஆபத்து வந்தது. அது கடற்கரையோரத்து அரச காணி. வெளியூர் முதலாளி ஒருவர் ஐஸ் களஞ்சியம் கட்ட அதைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். பாவனையில் இல்லாத காணி என்பது அவருடைய வாதம். பிரதேச செயலாளர் வரும் சனிக்கு அடுத்த சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி, என்னிடம் அறிக்கை கேட்டார். ஒரே கேள்விதான்: கடந்த ஒரு வருடத்தில் இந்த மைதானத்தில் வெளிக் கழகங்களுடன் ஆட்டம் நடந்ததா? என் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வெறும் பக்கம்.

வடக்குச் செயலாளர் கந்தோருக்கு வந்தார். கடலுக்குப் போன உடுப்போடு வந்திருந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அந்தக் காணி போனா எங்கட பொடியனுகளுக்கு நிக்க ஒரு இடம் இல்ல மிஸ். அங்கால கடல், இஞ்சால ரோட்டு. உங்கட பேனையில ஒரு வரிதான்."

அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஆசை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பேனை மூடியைக் கழற்றிவிட்டேன். மூன்று திகதியைப் போட்டு மூன்று ஆட்டம் நடந்ததாக எழுதினால் யார் வந்து கேட்பார்கள்? நாளைக்கு உங்களுக்கும் இந்த நேரம் வரும். எழுதாமல் விட்டதற்குக் காரணம் என் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி ஒரு ஆளை அனுப்பித் தெற்குக் காக்காவிடம் விசாரித்தால் பொய் அன்றைக்கே உடையும், பொய் உடைந்தால் காணி அவருக்குத்தான் என்று பயந்தேன். சில நேரம் பயமும் நல்ல புத்தி சொல்லும். பேனையை மூடினேன். சனிக்கிழமைக்குள் ஒரு ஆட்டம் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார். ஆட்டத்தை விட்டுப் போனவர்கள் அவர்கள், அவர்கள் வரட்டும், கையோடு கூட்டிக்கொண்டுபோய் விளையாடுகிறேன், நானாகப் போய்க் கெஞ்ச மாட்டேன் என்றார். காணி போகும் நிலைமையிலும் அப்படித்தான் சொன்னார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே காக்காவின் கடைக்குப் போனேன். தேத்தண்ணி வரவழைத்தார். மைதானக் கதையைக் கேட்டு உண்மையிலேயே கவலைப்பட்டார், அவருடைய மகன் பந்து வீசப் பழகியதே அந்த மைதானத்தில்தானாம். ஆனால் ஆட்டம் என்றதும் அதே பாட்டு. பிழையாக அவுட் கொடுத்தவர்கள் அவர்கள், ஒரு வார்த்தை கூப்பிட்டால் வருகிறோம், கூப்பிடாத வீட்டுக்குப் போக ஏலாது என்றார். எனக்குச் சலித்துவிட்டது. கிளம்பப் போகும்போது, வெறும் புதினத்துக்காக, இதற்கு முதல் இப்படிச் சண்டை பிடித்தபோது யார்தான் முதலில் போவீர்கள் என்று கேட்டேன்.

"முந்தி எண்டா மெட்டுக்குப் போகணுந்தானே மிஸ்," என்றார். "போனா தேத்தண்ணி தருவாங்க, இருந்து கதைப்பம். சண்டையப் பத்தி ஆரும் கதைக்கிறல்ல. மெட்டப் பத்தித்தான் கதைப்பம்."

நான் அந்தக் கடையில், சீமெந்து மூட்டைக்குப் பக்கத்தில், திரும்ப இருந்துவிட்டேன். தோற்றவன் மனம் வெந்துபோய்த்தான் வீட்டுக்குப் போகிறான். அவனைத் தேடி வென்றவன் போகவேண்டும் என்று வெறும் வாயால் சொன்னால் எந்த ஊரில் யார் கேட்பார்கள்? மெட்டைத் தோற்றவன் வீட்டில் வைத்துவிட்டார்கள். வென்றவன் போயே ஆகவேண்டும், மன்னிப்புக் கேட்கவும் தேவையில்லை, சாமான் எடுக்கப் போகிறான், அவ்வளவுதான். மற்றவன் நாள் குறிக்கிறான், தன் ஊரில் விளையாடுகிறான், அவனுக்கும் மரியாதை. இத்தனை வருடம் இரண்டு கழகத்தையும் நடத்தியது இந்த ஏற்பாடுதான். நான் அதை இரண்டு ரிபனை வெட்டி முடித்துவைத்தேன். வடக்குச் செயலாளர் கேட்டாரே, யார் யாரிடம் போவது என்று! மனிதன் அவ்வளவு தெளிவாகக் கேட்டும் என் காதில் ஏறவில்லை.

அடுத்த நாள் வடக்கே போய்ப் பழைய மெட்டைப் பற்றி விசாரித்தேன். எரித்துவிட்டீர்களா என்று கேட்கவே பயமாக இருந்தது. செயலாளர் கொட்டிலைத் திறந்தார். அதே பலகைக்கு மேலே, அதே மழைத்தாளுக்குக் கீழே, மெட் கிடந்தது. நான் எரிக்கச் சொன்னேனே என்றேன். ரன் அவுட் ஆட்டம் முடியவில்லை, அதற்கு முதல் ஆட்டத்தில் தோற்றது நாங்கள், அப்படியென்றால் அது இன்னும் எங்கள் பொறுப்பில்தானே என்றார். மாதம் ஒருக்கால் வெயிலில் போட்டிருக்கிறார். அரச பதிவேட்டில் செத்துப்போன ஒரு சாமானுக்குப் பதினாலு மாதம் காவலிருந்திருக்கிறார் அந்த மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயிலைக் குற்றம் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அன்று பின்னேரமே லேன்மாஸ்டர் டிரக்டர் ஒன்று பிடித்து இரண்டு புது மெட்டையும் ஏற்றிக்கொண்டு வந்து கந்தோர்க் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டினேன். பதிவேட்டில் 'பரிசோதனைக்காக மீளப்பெறப்பட்டது' என்று எழுதினேன். என்ன பரிசோதனை என்று களஞ்சியப் பொறுப்பாளர் கேட்டார். என்னுடைய மூளையைப் பரிசோதிக்கத்தான் என்றேன். இரவு ஏழு மணிக்குள் காக்கா ஃபோனில் கொதித்தார். கொடுத்த சாமானைப் பறிக்கிறது எந்தச் சட்டம், பொடியன்கள் எதில் விளையாடுவது என்று கேட்டார். மெட் வேண்டுமென்றால் வடக்கால் ஒன்று காய்ந்து கிடக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. அவர்கள் போகாவிட்டால், உள்ள மெட்டையும் பறித்து மைதானத்தையும் பறிகொடுத்த உத்தியோகத்தர் என்ற பெயரோடு நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். புதன்கிழமை பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு காக்கா தனியாக மோட்டார் சைக்கிளில் வடக்கே போயிருக்கிறார். செயலாளர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். என்ன கதைத்தீர்கள் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள்.

"மெட் காஞ்சி இரிக்கா?"

"காஞ்சிதான் கிடக்கு காக்கா. சனிக்கிழமை வாங்க."

அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். ரன் அவுட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். பதினாலு மாதமாக வெளி ஆட்டம் நடக்கவில்லை என்று எழுதினேன். அதற்குக் காரணம் இந்தக் கந்தோர் கழகங்களைக் கேட்காமல் எடுத்த ஒரு தீர்மானம் என்றும், எடுத்தது நான் என்றும் எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன். என் சேவைக் கோவையில் போய்ச் சேருகிற கடதாசி அது.

சனிக்கிழமை பிரதேச செயலாளர் வாகனத்தை விட்டு இறங்கியபோது, பாவனையில் இல்லாத காணியில் நிற்க இடமில்லை. வடக்குச் சனம் ஒரு பக்கம், தெற்குச் சனம் ஒரு பக்கம், நடுவில் சர்பத் வண்டி. அவர் என் அறிக்கையை நின்றபடியே வாசித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஆட்டம் முடியும் வரை இருந்தார்.

தெற்கு தோற்றது. விட்டுக்கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள், காக்காவின் மகன் ஆட்டமிழந்து போகும்போது மட்டையை எறிந்த எறியைப் பார்த்தால் அது நிஜத் தோல்விதான். ஆணிகளைப் பிடுங்கினார்கள். மெட்டைச் சுருட்டினார்கள். பதினொரு பேரும் தோள் கொடுத்தார்கள், முன்முனையில் காக்கா. வடக்குப் பொடியன்கள் விசிலடித்துக் கூச்சல் போட, அவர்கள் ஒழுங்கையால் தெற்கே நடந்தார்கள். வடக்குச் செயலாளர் கொஞ்சத் தூரம் கூடவே போய், மழை வருகிறது, இன்றைக்கே உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வென்றவர்கள் வெறுங்கையோடு நிற்க, தோற்றவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பிரதேச செயலாளர் கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் அது யாருடையது என்று கேட்டார். வடக்குச் செயலாளர் தெற்கைக் காட்டி, இப்ப அவங்கட என்றார்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. காணி விளையாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது. புது மெட் இரண்டும் மெட்டே இல்லாத இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போயின. நான் பொருட்பதிவேட்டை எடுத்து, 'அழிக்கப்பட்டது' என்பதைக் கோடு போட்டு வெட்டி, 'பாவனையில் உள்ளது' என்று எழுதினேன். நான்காவது நிரலில் 'கடைசியாகத் தோற்றவர்கள்' என்று எழுதி, கையெழுத்தும் வைத்தேன்.

அடுத்த வருடம் கணக்காய்வுக்கு வந்த ஐயா அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு விளக்கம் கேட்டார். எழுத்தில் விளக்கம் தர ஏலாது, சனிக்கிழமை மைதானத்துக்கு வாருங்கள் என்றேன். வந்தார். அன்றைக்கு வடக்கு தோற்றது, அவர்களிடம் ஒரு ஆள் குறைவாக இருந்தது. ஐயா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பின்முனைக்குத் தோள் கொடுத்தார்.